‘கொஞ்சம் நில்லுங்க சார்’: கப்பலில் அந்தச் சொல்லுக்கு என்ன ஆகிறது?

2007 செப்டம்பர் 23. இங்கிலாந்தின் கிழக்குக் கரைக்கு அப்பால், வடகடலில் எரிவாயுக் கிணறு தோண்டும் மேடை ஒன்றுக்குத் துணையாக நின்றிருந்தது ‘வைக்கிங் ஐலே’ என்ற சிறிய கப்பல். மேடையில் தீப்பிடித்தாலோ யாராவது கடலில் விழுந்தாலோ ஓடிப்போய்க் காப்பாற்றுவதுதான் அதன் வேலையே. அலை அதிகமாக இருந்ததால் கப்பல் ஆடியது. முன்பக்கம் நங்கூரச் சங்கிலி தன் அறைக்குள் கிடந்து இடித்துக்கொண்டே இருந்தது. இந்தச் சத்தத்தை நிறுத்துவோம், சங்கிலியை இழுத்துக் கட்டிவிட்டு வருவோம் என்று இரண்டு மாலுமிகள் போனார்கள்.

ஒருவர் உள்ளே இறங்கினார். இறங்கியவர் விழுந்துவிட்டார். மேலே நின்றவர் கப்பலை ஓட்டும் அறையான பிரிட்ஜுக்குத் தகவல் சொல்லிவிட்டுத் தானும் இறங்கினார். அவரும் விழுந்தார். மூன்றாவதாக ஓடிவந்தவர் விவரம் தெரிந்தவர். மூச்சுக்காற்று சிலிண்டரை முதுகில் மாட்டிக்கொண்டு வந்தார். ஆனால் சிலிண்டரோடு நுழைய முடியாத அளவுக்கு வாய் குறுகலாக இருந்தது. அதைக் கழற்றிவிட்டு, தீ விபத்தில் தப்பி ஓடுவதற்கென்று வைத்திருக்கும் சிறிய முகமூடியை மாட்டிக்கொண்டு இறங்கினார். உள்ளே அது முகத்தைவிட்டு விலகியது. மூன்று பேரும் இறந்தார்கள். பிறரைக் காப்பாற்றப் பயிற்சி பெற்றவர்கள், தங்கள் கப்பலுக்குள்ளேயே, ஒரு சங்கிலிச் சத்தத்துக்காக இறந்தார்கள்.

அந்த அறைக்குள் விஷவாயு எதுவும் இல்லை. இருந்தது துரு மட்டும்தான். கடல்நீரில் நனைந்த சங்கிலி, நனைந்த இரும்புச் சுவர், இறுக மூடிய கதவு. இரும்பு துருப்பிடிக்கும்போது காற்றிலுள்ள ஆக்ஸிஜனை உறிஞ்சிக்கொள்கிறது. நாம் சுவாசிக்கும் காற்றில் ஆக்ஸிஜன் 20.9 சதவீதம். பல நாள் மூடிக்கிடந்த இரும்புப் பெட்டிக்குள் அது மெல்ல மெல்லக் குறைந்துகொண்டே வரும். நாற்றம் இல்லை, நிறம் இல்லை, கண் எரியாது, தொண்டை கமறாது. மூச்சு முட்டுகிறதே என்ற உணர்வுகூட வராது. அந்த உணர்வைத் தருவது உடம்பில் சேரும் கரியமில வாயு. ஆக்ஸிஜன் குறைவதை உடம்பு அவ்வளவு சீக்கிரம் கண்டுகொள்வதில்லை. ஏணியில் நாலு படி இறங்குவதற்குள் கால் மடங்கிவிடும்.

துரு மட்டுமல்ல. நிலக்கரி, மரத்தடி, கொப்பரை, இரும்புச் சீவல் என்று சாதாரணச் சரக்கே இந்த வேலையைச் செய்யும். 2014 மே மாதம் இங்கிலாந்தின் கூல் துறைமுகத்தில் ‘சன்டிஸ்’ என்ற கப்பலில் இதே போல மூன்று பேர் இறந்தார்கள். அதில் இருந்தது அறுத்த மரம். சரக்கறைக்கு இறங்கும் ஏணியின் அடியில் ஆக்ஸிஜன் 5, 6 சதவீதம்தான் இருந்ததாக விசாரணையில் அளந்து சொன்னார்கள். தூத்துக்குடித் துறைமுகத்தில் மரத்தடியும் நிலக்கரியும் வந்து இறங்குவதை நாம் பார்த்திருக்கிறோம். பச்சை மரத்தடியைப் பார்த்து யாருக்குப் பயம் வரும்?

நம் ஊருக்கு இந்தச் சாவின் வரிசை புதிதல்ல. கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கியவர், அவரைத் தூக்க இறங்கிய தம்பி, அவரைத் தூக்க இறங்கிய பக்கத்து வீட்டுக்காரர் என்று மூன்று பெயர்கள் ஒரே செய்தியில் வருவதை எத்தனை முறை படித்துவிட்டோம். பாழுங்கிணற்றில் தூர்வார இறங்குமுன் விளக்கை ஏற்றிக் கயிற்றில் இறக்கிப் பார்க்கும் வழக்கம் நம் பெரியவர்களிடம் இருந்தது. முழுமையான சோதனை இல்லைதான். ஆனாலும் ‘இறங்குமுன் கேள்’ என்ற ஒன்று அதில் இருந்தது.

வைக்கிங் ஐலேயிலும் கேட்கச் சொல்லும் விதி இருந்தது. மூடிய இடங்களுக்குள் போகுமுன் காற்றைச் சோதிக்க வேண்டும், அனுமதிச்சீட்டு போட வேண்டும் என்றெல்லாம் கப்பலின் பாதுகாப்பு ஏற்பாடுகளில் எழுதியிருந்தது. சங்கிலி அறையை அப்படிப்பட்ட இடமாக அங்கே யாரும் எண்ணவில்லை, அவ்வளவுதான். காகிதத்தில் இருந்தது ஏன் கைக்கு வரவில்லை என்ற கேள்விதான் கப்பல் தொழிலில் ‘பாதுகாப்புப் பண்பாடு’ என்ற பேச்சின் அடியில் கிடக்கிறது. எனக்கு அந்தச் சொல்லே கொஞ்சம் கனமாகப் படுகிறது. இதை இன்னும் எளிதாகக் கேட்கலாம்: கீழே நிற்பவன் ‘சார், கொஞ்சம் நில்லுங்க’ என்று சொன்னால், அந்தச் சொல் மேலே போகப் போக என்ன ஆகிறது?

இதைப் புரிந்துகொள்ள 1987க்குப் போக வேண்டும். பெல்ஜியத்தின் செய்ப்ரூக் துறைமுகத்திலிருந்து இங்கிலாந்தின் டோவருக்குப் போகும் ‘ஹெரால்ட் ஆஃப் ஃப்ரீ என்டர்பிரைஸ்’ என்ற பயணிகள் கப்பல். கார்களும் லாரிகளும் முன்வாய் வழியாக நேரே உள்ளே ஓடி ஏறிக்கொள்ளும் வகை. மார்ச் 6 மாலை, அந்த முன்வாய்க் கதவுகள் திறந்தபடியே அது துறைமுகத்தைவிட்டுக் கிளம்பியது.

கதவை மூட வேண்டிய துணை போசன் (தளத்து மாலுமிகளின் தலைவரான போசனுக்கு உதவியாளர்) தன் அறையில் தூங்கிக்கொண்டிருந்தார். கிளம்பும் அறிவிப்பு அவர் காதில் விழவில்லை. கார்த் தளத்தைவிட்டுக் கடைசியாக வெளியேறிய போசன் கதவு திறந்திருப்பதைப் பார்த்தார். அது தன் வேலை இல்லை என்று போய்விட்டார். கேப்டனுக்கு அடுத்த அதிகாரியான சீஃப் ஆபீசர் கதவு மூடும்வரை நிற்க வேண்டியவர். ஆனால் கிளம்பும் நேரத்தில் அவர் பிரிட்ஜிலும் இருந்தாக வேண்டும் என்பது இன்னொரு உத்தரவு. கதவை மூட ஆள் வருவது போலத் தெரிந்ததும் அவர் மேலே ஏறிவிட்டார். கேப்டனுக்குப் பிரிட்ஜிலிருந்து முன்கதவு தெரியாது. கதவு மூடிவிட்டது என்று யாரும் வந்து சொல்லும் வழக்கமும் இல்லை. குறை சொல்லி யாரும் வரவில்லையென்றால் எல்லாம் சரி என்பதுதான் ஏற்பாடு. மௌனத்துக்குச் ‘சரி’ என்று பொருள் வைத்துவிட்டார்கள்.

செய்ப்ரூக்கின் ஏற்றுப்பாலம் அந்தக் கப்பலின் மேல்தளத்துக்கு எட்டாது என்பதால், முன்பக்கத் தொட்டிகளில் தண்ணீர் நிரப்பி மூக்கைத் தாழ்த்தித்தான் வண்டிகளை ஏற்றினார்கள். அந்தத் தாழ்வு முழுதும் சரியாகுமுன்னே கிளம்பினார்கள். வேகம் பிடித்ததும் முன்னலை எழுந்து திறந்த வாய்க்குள் புகுந்தது. ஆரத்தித் தட்டில் தண்ணீரை வைத்துக்கொண்டு நடந்து பாருங்கள். ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்தால் தண்ணீர் முழுதும் அந்தப் பக்கமே ஓடிச் சாய்வை இன்னும் கூட்டும். தடுப்புச் சுவரே இல்லாத அகலமான கார்த் தளத்தில் அதுதான் நடந்தது. ஒன்றரை நிமிடத்தில் கப்பல் பக்கவாட்டில் விழுந்தது. கரை பக்கத்திலேயே தெரிந்தது. 193 பேர் இறந்தார்கள்.

தூங்கிய ஒருவரோடு கதையை முடித்திருக்கலாம். விசாரணை நடத்திய நீதிபதி ஷீன் அப்படி முடிக்கவில்லை. நிறுவனத்தின் கோப்புகளைப் புரட்டினார். 1983லேயே அதே நிறுவனத்தின் இன்னொரு கப்பல் இதே போலக் கதவு திறந்தபடி கிளம்பியிருந்தது. அன்றும் துணை போசன் தூங்கிவிட்டிருந்தார். 1985இல் ஒரு கேப்டன் மேலிடத்துக்கு எழுதினார்: கதவு மூடியிருக்கிறதா இல்லையா என்று காட்ட பிரிட்ஜில் ஒரு விளக்கு வையுங்கள். அந்தக் கடிதம் அதிகாரிகளின் மேசைகளைச் சுற்றி வந்தது. ஒருவர் எழுதினார், நல்லதுதான், ஆனால் இதற்கென்றே ஒருவருக்குச் சம்பளம் கொடுக்கிறோமே என்று. இன்னொருவர், பொறுப்பாளர் விழித்திருக்கிறாரா, நிதானத்தில் இருக்கிறாரா என்று காட்டவும் விளக்கு வேண்டுமா என்று கேலியாகக் குறித்தார். விளக்கு வரவில்லை.

அதே சமயம் மேலிருந்து கீழே இன்னொரு கடிதம் போனது. செய்ப்ரூக்கிலிருந்து தாமதமாகக் கிளம்புவது நடக்காத காரியம், சீஃப் ஆபீசர் வேகமாக வேலை செய்யாவிட்டால் நெருக்குங்கள், கால்மணி நேரம் முன்னதாகவே கிளம்ப வேண்டும் என்று கரையிலிருந்த மேலாளர் எழுதியிருந்தார். அவசரப்படுத்தும் கடிதம் தங்குதடையின்றிக் கீழே இறங்கியது. எச்சரிக்கைக் கடிதம் கேலியோடு மேசையில் கிடந்தது. நிறுவனம் முழுவதையும் மேலிருந்து அடிவரை மெத்தனம் என்ற நோய் பீடித்திருந்தது என்று ஷீன் எழுதினார். 193 பேர் இறந்த பிறகு, மிச்சமிருந்த கப்பல்களில் அந்த விளக்குகளைச் சில நாட்களிலேயே பொருத்திவிட்டார்கள். சில நாட்கள்தான் ஆயின. இதைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் என்னால் கடந்துபோக முடியவில்லை.

இந்த விபத்தும், 1990இல் ‘ஸ்கேண்டிநேவியன் ஸ்டார்’ கப்பலில் தீப்பிடித்து 159 பேர் இறந்ததும் சேர்ந்து சர்வதேசக் கடல்சார் அமைப்பை அசைத்தன. 1993இல் ஐஎஸ்எம் கோட் என்ற பாதுகாப்பு மேலாண்மை விதித்தொகுப்பை ஏற்றுக்கொண்டார்கள். 1998 ஜூலை 1 முதல் பயணிகள் கப்பல், எண்ணெய்க் கப்பல், மொத்தச் சரக்குக் கப்பல் போன்றவற்றுக்கும், 2002 ஜூலை 1 முதல் ஏனைய பெரும்பாலான கப்பல்களுக்கும் அது கட்டாயமானது. அதுவரை கப்பல் சட்டங்கள் பெரும்பாலும் இரும்பைப் பற்றியே பேசின: தகடு எவ்வளவு தடிப்பு, படகு எத்தனை, தீயணைப்புக் குழாய் எங்கே. முதல்முறையாகக் கரையில் உட்கார்ந்திருக்கும் நிர்வாகத்தின் மீது விதி கைவைத்தது. ஒவ்வொரு நிறுவனத்திலும், கப்பலில் இருப்பவர்கள் நேரடியாகப் பேசக்கூடிய, நிறுவனத்தின் உச்சிவரை போகக்கூடிய ஒருவரை நியமிக்க வேண்டும். டிபிஏ என்பார்கள். இன்று எந்தச் சரக்குக் கப்பலின் சாப்பாட்டு அறையிலும் அவருடைய பெயர், படம், தொலைபேசி எண்ணோடு ஒரு தாள் ஒட்டியிருக்கும். கப்பலின் பாதுகாப்புக்காகக் கேப்டன் எடுக்கும் முடிவே இறுதி என்பதையும் அதே விதி எழுதி வைத்தது.

எழுத்தில் இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. ஆனால் எழுத்து பெருகியது. ஒவ்வொரு விபத்துக்கும் ஒரு படிவம், ஒவ்வொரு ஆய்வுக்கும் ஒரு சரிபார்ப்புப் பட்டியல். வேலை முடிந்த பிறகு உட்கார்ந்து, வேலைக்கு முன்னால் போட்டிருக்க வேண்டிய டிக்கை வரிசையாகப் போடுவதைக் கப்பலுக்குப் போய்வந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

இதன் உச்சத்தை ஓய்வுநேரக் கணக்கில் பார்க்கலாம். எந்த 24 மணி நேரத்திலும் குறைந்தது 10 மணி நேரம், எந்த ஏழு நாளிலும் குறைந்தது 77 மணி நேரம் மாலுமிக்கு ஓய்வு வேண்டும் என்பது விதி. கணக்குப் போட மென்பொருள் இருக்கிறது. உண்மையான நேரத்தைப் பதிந்தால், துறைமுகத்துக்குள் நுழையும் நாளில் கட்டம் சிவப்பாகிவிடும். விடிகாலை இரண்டு மணிக்குக் கயிறு கட்ட எழுந்தவர், நாலு மணிக்குச் சரக்கு தொடங்கியதால் மறுபடி தளத்தில் நின்றவர், எட்டு மணிக்குக் கப்பலைக் கவனிக்கும் தன் முறைக் காவலுக்கு வந்தவர் - சிவப்பாகாமல் என்ன செய்யும்? சிவப்பு இருந்தால் துறைமுக ஆய்வாளர் கேட்பார், நிறுவனம் மின்னஞ்சலில் விளக்கம் கேட்கும். கூடுதலாக ஒரு ஆளை மட்டும் அனுப்ப மாட்டார்கள். ஆகவே ஒரு மணியை இங்கே நகர்த்தி, அரை மணியை அங்கே தள்ளி, எல்லாம் பச்சையாகும்வரை திருத்துகிறார்கள். ஸ்வீடனின் மால்மோவிலுள்ள உலகக் கடல்சார் பல்கலைக்கழகம் 2020இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் ‘சரிக்கட்டும் பண்பாடு’ என்ற பொருள்படும் தலைப்பில் சொன்னது: பதிவேடுகளைத் திருத்துவது அங்கொன்றும் இங்கொன்றுமான தவறு இல்லை, பரவலான வழக்கம்.

அந்தப் பச்சைக் கட்டத்துக்குள் ஒரு மனிதன் தூங்காமல் நிற்கிறான். 2010 ஏப்ரல் 3 அன்று ‘ஷென் நெங் 1’ என்ற நிலக்கரிக் கப்பல் ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃப் பவளத்திட்டில் தரைதட்டியது. காவலில் இருந்த சீஃப் ஆபீசர் அதற்கு முந்தைய 38 மணி நேரத்துக்கும் மேலான பொழுதில் இரண்டரை மணி நேரம்தான் தூங்கியிருந்தார். சரக்கு ஏற்றும் பொறுப்பு அவருடையது. ஏற்றி முடித்ததும் நேரே காவல். பொய்க்கணக்கால் வரும் பெரிய கேடு இதுதான்: பச்சைக் கட்டங்களைப் பார்க்கும் நிர்வாகத்துக்கு ஆள் போதவில்லை என்ற செய்தி போய்ச் சேர்வதே இல்லை. கீழிருந்து மேலே போக வேண்டிய எச்சரிக்கையை, கீழே இருப்பவரே தன் கையால் அழித்து அனுப்பும்படி ஆக்கிவிட்டோம்.

வாய்விட்டுச் சொன்னால் மட்டும் நடந்துவிடுமா? ‘எல் ஃபாரோ’வில் சொன்னார்கள்.

2015 செப்டம்பர் 29 இரவு, அமெரிக்காவின் ஜாக்சன்வில்லிலிருந்து போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவானுக்குக் கிளம்பியது அந்தக் கன்டெய்னர் கப்பல். வயது நாற்பது. வழியில் வோகின் சூறாவளி வலுத்துக்கொண்டிருந்தது. கேப்டன் நம்பியது மின்னஞ்சலில் வரும் ஒரு வானிலைக் கோப்பை. படத்தோடு, பார்க்கத் தெளிவாக இருக்கும். ஆனால் அது வந்து சேரும்போதே பல மணி நேரம் பழையது. பிரிட்ஜில் காவலில் இருந்தவர்கள் செயற்கைக்கோள் வழியாக வரும் புதிய அறிவிப்புகளையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டும் ஒத்துப்போகவில்லை.

30ஆம் தேதி இரவு பதினொரு மணி வாக்கில் தேர்ட் மேட் (மூன்றாம் அதிகாரி) கேப்டனின் அறைக்குப் போன் செய்தார். புயல் நாம் நினைத்ததைவிட நெருக்கத்தில் இருக்கிறது என்றார். போக்கை மாற்ற கேப்டன் சம்மதிக்கவில்லை. நள்ளிரவுக்குப் பிறகு காவலுக்கு வந்த செகண்ட் மேட், ஒரு மணி கடந்து மறுபடி போன் செய்தார். தெற்கே திரும்பிப் போகும் வழி ஒன்று இருக்கிறது என்றார். பழைய போக்கிலேயே போகச் சொன்னார் கேப்டன். மறுநாள் காலை பஹாமாஸின் க்ரூக்கட் தீவுக்கு அருகே கப்பல் மூழ்கியது. இருந்த 33 பேரும் இறந்தார்கள்.

இதெல்லாம் நமக்குத் தெரிவது, சுமார் 4,700 மீட்டர் ஆழத்திலிருந்து அடுத்த ஆண்டு எடுத்த பயணப் பதிவுக் கருவியால்தான். அதில் 26 மணி நேரப் பேச்சு இருந்தது. அதன் எழுத்துவடிவத்தைப் படிக்கும்போது நெஞ்சை அடைப்பது ஒன்று: அந்த இரண்டு அதிகாரிகளும் தங்களுக்குள் பேசும்போது தெளிவாகப் பயப்படுகிறார்கள். போனில் கேப்டனிடம் பேசும்போது அதே பயம் யோசனையாக, மரியாதையாக, மென்மையாக மாறிவிடுகிறது. கேப்டனுக்கு மாலுமிகள் மேல் அக்கறை இல்லை என்றும் சொல்ல முடியாது. கடைசி நிமிடங்களில் நகர முடியாமல் நின்ற ஒருவரை விட்டுப் போகாமல், தைரியம் சொல்லிக்கொண்டே கூட நின்றது அவருடைய குரல்தான். நல்ல மனிதர்கள் நிறைந்த கப்பலிலும் எச்சரிக்கை மேலே ஏறாமல் போகலாம். அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் விசாரணை கேப்டனின் முடிவுகளோடு நிறுத்திக்கொள்ளவில்லை. பிரிட்ஜில் சேர்ந்து முடிவெடுக்கும் பழக்கம் பலவீனமாக இருந்ததையும், நிறுவனத்தின் பாதுகாப்பு ஏற்பாட்டின் குறைகளையும் சேர்த்தே சொன்னது.

விமானத் துறை இந்தப் பாடத்தைக் கொஞ்சம் முன்னதாகப் படித்தது. 1977இல் ஸ்பெயினின் டெனரீஃப் தீவில் இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் இறந்தபின், துணைவிமானி எப்படி மறுத்துச் சொல்வது, தலைமை விமானி அதை எப்படிக் கேட்டுக்கொள்வது என்பதையே பயிற்சியாக்கினார்கள். கப்பலுக்கும் அந்தப் பயிற்சி வந்துவிட்டது. ஆனால் விமானி வேலை முடிந்து வீட்டுக்கோ ஓட்டலுக்கோ போகிறார். கப்பலில் நீங்கள் மறுத்துப் பேசிய அதே ஆளோடு இன்னும் ஆறு மாதம் ஒரே மேசையில் சாப்பிட வேண்டும்.

எல் ஃபாரோவில் இருந்தவர்களில் பெரும்பாலோர் ஒரே நாட்டுக்காரர்கள், ஒரே மொழிக்காரர்கள். நம் பிள்ளைகள் ஏறும் கப்பல்களை நினைத்துப் பாருங்கள். கேப்டன் ஒரு நாடு, சீஃப் இன்ஜினியர் இன்னொரு நாடு, சமையற்காரர் மற்றொரு நாடு. கொடி பனாமாவுடையது, முதலாளி வேறெங்கோ. வேலைக்கு எடுத்தது மும்பையிலோ சென்னையிலோ இருக்கும் ஆள்சேர்ப்பு நிறுவனம். உலகக் கப்பல்களுக்கு மிக அதிகமாக ஆள் அனுப்பும் நாடுகளில் இந்தியா ஒன்று. தூத்துக்குடி, கன்னியாகுமரிப் பக்கத்திலிருந்து எத்தனையோ குடும்பங்கள் இந்தச் சம்பளத்தில் நிற்கின்றன. ஒரு ஓஎஸ்ஸோ ஏபியோ (தளத்தில் வேலை செய்யும் சாதாரண மாலுமிகள்) நிரந்தர ஊழியர் அல்ல. ஒன்பது மாதக் கான்ட்ராக்ட். அது முடிந்து சைன் ஆஃப் ஆகி ஊருக்கு வந்தால் அடுத்த அழைப்பு வரும்வரை சம்பளம் கிடையாது. வேலைக்காக மாலுமியிடம் பணம் வாங்கக் கூடாது என்று சர்வதேசச் சட்டமே இருந்தும், ஏஜென்டிடம் கடன் வாங்கிக் கட்டிவிட்டுக் கப்பலேறுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

அப்படி ஏறிய பையனிடம் போசன் ‘இறங்கு’ என்கிறார். காற்றை அளக்கும் மீட்டரை வைத்துப் பார்த்தார்களா என்று அவனுக்குச் சந்தேகம். கேட்டால் என்ன நடக்கும்? அடிக்க மாட்டார்கள். ‘வேலைக்குச் சோம்பேறி’ என்று ஒரு பெயர் வரும். கான்ட்ராக்ட் முடியும்போது போகும் மதிப்பீட்டுத் தாளில் ஒரு வரி குறையும். அடுத்த போன் வராது. சாப்பாட்டு அறையில் டிபிஏவின் எண் தொங்குகிறது. யார் போன் செய்தது என்று கப்பலில் அரைமணி நேரத்தில் தெரிந்துவிடும், இருப்பதே இருபது பேர். அவனுடைய ‘யெஸ் சார்’ எப்படி வருகிறது என்று இப்போது தெரியும். அவனுக்குத் துணிச்சல் இல்லை என்று சொல்வது அநியாயம். வீட்டுக் கடனைக் கணக்குப் போட்டுத்தான் அவன் இறங்குகிறான்.

மேலே இருப்பவர்களுக்கும் பயம் உண்டு. 2007 டிசம்பரில் தென்கொரியக் கடலில் நங்கூரமிட்டு நின்றிருந்த ‘ஹெபெய் ஸ்பிரிட்’ எண்ணெய்க் கப்பலின் மேல், இழுவைக் கயிறு அறுந்த மிதவைக் கிரேன் வந்து மோதியது. பத்தாயிரம் டன்னுக்கும் மேல் எண்ணெய் கொட்டியது. நின்றிருந்த கப்பலின் இந்தியக் கேப்டனும் சீஃப் ஆபீசரும் ஊர் திரும்ப 2009 ஜூன் ஆனது. இடையில் விடுதலை, மேல்முறையீட்டில் தண்டனை, சிறை. உலகம் முழுதும் மாலுமிகள் அவர்களுக்காகக் குரல் கொடுத்தார்கள். அந்தச் செய்தியைப் படித்த ஒவ்வொரு கேப்டனும் பதிவேட்டில் எதை எழுதுவது என்று இருமுறை யோசித்திருப்பார். நடந்ததை நடந்தபடி சொன்னால் தானே சிக்குவோம் என்றிருக்கும் இடத்தில், நூலிழையில் தப்பிய சம்பவங்களை யார் எழுதித் தருவார்? அவைதான் அடுத்த விபத்தின் முன்னறிவிப்பு. பிரிட்டனில் இயங்கும் சிர்ப் என்ற அமைப்பு இதனால்தான் பெயரை மறைத்து மாலுமிகளின் தகவல்களை வாங்கி, ஆள் தெரியாதபடி வெளியிடுகிறது. சிறிய ஏற்பாடுதான், ஆனால் மனிதரின் பயத்தைப் புரிந்துகொண்ட ஏற்பாடு.

எச்சரிக்கை கப்பலைத் தாண்டி வெளியே வந்த பிறகும் கேட்பாரற்றுப் போகலாம். 2021 மே மாதம் ‘எக்ஸ்பிரஸ் பேர்ல்’ கப்பலில் இருந்த ஒரு கன்டெய்னரிலிருந்து நைட்ரிக் அமிலம் கசிந்தது. கப்பலில் இருந்தவர்களுக்குத் தெரியும். கத்தாரின் ஹமத் துறைமுகத்திலும் குஜராத்தின் ஹசிராவிலும் அந்தப் பெட்டியை இறக்கக் கேட்டார்கள்; இரண்டு இடத்திலும் நடக்கவில்லை. கசியும் அமிலத்தோடு கொழும்புக்கு வந்து வெளியே நங்கூரமிட்டது. 20ஆம் தேதி புகை எழுந்தது. பிறகு நெருப்பு நாள்கணக்கில் எரிந்தது. நூற்றுக்கணக்கான டன் பிளாஸ்டிக் குருணை கடலில் கொட்டி, நீர்கொழும்புக் கரையில் பனிபோலக் குவிந்தது. ஆமைகள் செத்து ஒதுங்கின. மீன்பிடிக்கத் தடை வந்தது. கப்பலைப் பற்றி ஒன்றும் அறியாத மீனவர் வீட்டில் அடுப்பு அணைந்தது. கட்டிச் சில மாதங்களே ஆன புத்தம்புதுக் கப்பல் அது. இரும்பில் குறை இல்லை. தகவல் இருந்தது, அதை ஏந்திக்கொள்ள ஒரு கை இல்லை.

எங்கெங்கோ நல்லவையும் நடக்கின்றன. யார் வேண்டுமானாலும் வேலையை நிறுத்தலாம் என்று பயிற்சியில் இருக்கும் கேடட் கையிலும் அட்டை கொடுக்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. அட்டை கொடுப்பது எளிது. முதன்முதலாக ஒருவர் அதை நீட்டி, சரக்கு இரண்டு மணி நேரம் தாமதமாகி, கடைசியில் ஆபத்து ஒன்றும் இல்லை என்று தெரியவந்தால் அவரை என்ன செய்கிறார்கள் என்பதைத்தான் மற்ற பத்தொன்பது பேரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். விதிகளும் சும்மா இருக்கவில்லை. மூடிய இடங்களுக்குள் நுழைவதற்கும் அங்கிருந்து மீட்பதற்கும் 2015 முதல் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒத்திகை கட்டாயம். 2016 ஜூலை முதல், காற்றை அளக்கும் கைக்கருவி கப்பலில் இருந்தே ஆக வேண்டும்.

அந்தக் கருவி உள்ளங்கைக்குள் அடங்கும். நீண்ட குழாய் ஒன்றை அதில் மாட்டித் தொட்டிக்குள் இறக்குவார்கள். மேலே ஒரு அளவு, நடுவே ஒன்று, அடியில் ஒன்று. குழாய் வழியே காற்று ஏறி வரக் கொஞ்சம் காத்திருக்க வேண்டும். வெயிலில் இரும்புத் தளம் காய்கிறது. துறைமுகத்தில் கப்பலின் வேலைகளைப் பார்க்கும் ஏஜென்ட் இரண்டு முறை போன் செய்துவிட்டார். திரையில் 20.9 வர வேண்டிய இடத்தில் 20.1 என்று நிற்கிறது. சின்ன வித்தியாசம்தான், அதனால் மட்டும் யாரும் மயங்கி விழ மாட்டார்கள். ஆனால் குறைந்த அந்த ஆக்ஸிஜன் எங்கே போனது, அதன் இடத்தில் என்ன வந்திருக்கிறது, குழாய் எட்டாத மூலையில் எவ்வளவு இருக்கிறது என்பதைத் திரை சொல்லாது. கருவியைப் பிடித்திருக்கும் கேடட் தலையைத் தூக்கி, ‘கொஞ்சம் நில்லுங்க சார், இன்னொரு தடவை பார்த்துடலாமா?’ என்கிறான்.

‘சரி, காத்தடிக்கிற பிளோயரை இன்னும் ஒரு மணி நேரம் ஓடவிடு. ஏஜென்டுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்’ என்று சொல்லும் சீஃப் ஆபீசர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் வேலை பார்த்தவர்கள் கப்பலின் பெயரை மறந்த பிறகும் அந்த ஆளின் பெயரை மறப்பதில்லை.